பத்து நாள் லீவு

போன டிசம்பரில் தம்பி கனடாவிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தான். தம்பி என்றால் சித்தி மகன். அந்தப் பத்து நாளில் ஒரு நாளை அவனுடைய அப்பாவின் பழைய மாணவன் ஒருவன் எடுத்துக்கொண்டான்.

மாலத்தீவில் சித்தப்பாவிடம் எட்டாவது படித்தவன். இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். தன் அப்பாவைக் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக வைபரில் தகவல் அனுப்பியிருந்தான். அடுத்த பத்து நிமிடத்தில் சித்தப்பா பையை எடுத்து வைத்துவிட்டார். "பாஷை தெரியாத ஊர்ல பையன் தனியா நிக்கறான்" என்று யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார். தம்பி திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "பையனா?" என்று மட்டும் கேட்டான். சித்தி அடுப்படிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவனே கார் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்கப்பா, நான் கொண்டுவந்து விடறேன்" என்றான். நானும் ஏறிக்கொண்டேன். இந்த வீட்டில் இதுபோன்ற நேரங்களில் நடுவில் ஓர் ஆள் இருப்பது நல்லது என்று சின்ன வயதிலேயே கற்றிருக்கிறேன்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வெளிநாடு போகும் தம்பதி என்றால் நமக்கு யூடியூபில் வரும் ஒரு ஜோடிதான் கண்ணுக்கு வரும். வெள்ளைக்கார இளைஞர்கள், பேங்காக்கிலோ சியோலிலோ ஓர் அபார்ட்மென்ட், வாரக் கடைசியில் கடற்கரை. தென் கொரியா அந்த விசாவைப் பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் கொடுக்கிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. மொழி அந்தந்தப் பாஸ்போர்ட்டோடு ஒட்டிப் பிறப்பதாக ஒரு கணக்கு. ஆனால் இன்னொரு கூட்டம் ரொம்ப நாளாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஹைலி செலாசி காலத்து எத்தியோப்பியாவின் பள்ளிகளில் மலையாளி ஆசிரியர்கள் நிறைய இருந்தார்கள். மாலத்தீவின் அரசுப் பள்ளிகள் 1960களில் ஆங்கில வழிக்கு மாறத் தொடங்கின. அதற்கு ஆசிரியர்கள் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. பிற்பாடு அப்படிப் போனவர்களில் பெரும் பகுதி கேரளமும் தமிழ்நாடும். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் ஒரு தெருவுக்கு ஒருவராவது மாலத்தீவு வாத்தியார் இருப்பார். நாமக்கல் பக்கம் குறைவு. நம்ம ஊர்க்காரர்கள் வெளியூர் போவது லாரியில் அல்லது ரிக் வண்டியில்.

சித்தப்பா எம்.ஏ., பி.எட். சித்தியும் அதே. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் சீனியாரிட்டியில் அரசு வேலை வருவதற்குள் தலை நரைத்துவிடும் என்று தெரிந்தபோது இருவரும் ஒரே மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேலை பார்த்தார்கள். இரண்டு சம்பளமும் சேர்ந்து ஏழாயிரம் வரவில்லை. திருவனந்தபுரத்து ஏஜென்ட் ஒருவர் மூலம் 2003 ஜனவரியில் கிளம்பினார்கள். தம்பி அப்போது ஐந்தாவது. முதல் ஐந்து மாதம் ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தான். ஜூனில் ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். நாமக்கல்லில் ஹாஸ்டலுக்கா பஞ்சம்? மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற ஊர். கோழிப்பண்ணைக்காரர்களே 'பிராய்லர் பள்ளிக்கூடம்' என்று கேலி செய்வார்கள், அவர்கள் பிள்ளையையும் அங்கேயே சேர்த்துக்கொண்டு.

ஆக, மற்றவர்கள் தங்கள் பிள்ளையை நாமக்கல் வாத்தியார்களிடம் விட்டார்கள். நாமக்கல் வாத்தியார் தன் பிள்ளையை அவர்களோடு விட்டுவிட்டுத் தீவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனார்.

அந்தத் தீவை நான் பார்த்ததில்லை. சித்தி சொல்லித்தான் தெரியும். இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வந்த காட்டிலிருந்து போனவர்களுக்கு, நான்கைந்து அடி தோண்டினாலே தண்ணீர் ஊறுவது முதல் ஆச்சரியம். அது உப்புக் கரிப்பது இரண்டாவது. குடிக்க மழைத்தண்ணீர்தான், கூரையிலிருந்து தொட்டிக்கு. காய்கறி படகில் வரும், வாரம் ஒருமுறை, கடல் ஒத்துழைத்தால். சித்தி பால் டின்னில் கறிவேப்பிலை வளர்த்தார். ஒரு மாலத்தீவுக் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை வாடகைக்கு. அந்த வீட்டு அம்மா காலையில் தேங்காயும் சூரை மீனும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனியும் ரொட்டியும் கொடுத்தனுப்புவாராம். இவர் பதிலுக்கு இட்லி. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோக அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை, அதனால் கிருத்திகை அன்று "மனசுக்குள்ள மலையேறிக்குவேன்" என்பார் சித்தி. வெள்ளியும் சனியும் விடுமுறை. மற்ற நாள் ராத்திரி ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார்கள். அவருக்கு எட்டாவது, இவருக்கு மூன்றாவது.

சித்தப்பா சொல்லும் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாமக்கல்லில் அவர் ஆங்கிலத்தைத் தமிழில் நடத்தினார். ஒரு வரி படி, தமிழில் அர்த்தம் சொல், கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வை. தீவில் அந்த ஏணி கிடையாது. அவருக்குத் திவேஹி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான், அதுவும் இருவருக்குமே சொந்தமில்லாதது. "அங்க போய்த்தான் நான் இங்கிலீஷ் வாத்தியார் ஆனேன்" என்பார். பாடப்புத்தகத்தில் மலை என்று வரும். நாட்டின் இயற்கையான தரை எங்குமே கடல்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேல் எழும்பாத ஊரில், மலை என்பதை எப்படிச் சொல்வது? நாமக்கல் கோட்டை நிற்கும் ஒற்றைப் பாறை 65 மீட்டர். அதைப் போர்டில் வரைந்து, பக்கத்தில் தென்னைமரத்தை வரைந்து, அதற்குப் பக்கத்தில் தன்னையும் வரைவாராம். பிறகு போர்டு போதாது என்பதற்காகக் கொல்லிமலையைச் சுவரில் கையால் காட்டுவாராம்.

இதையெல்லாம் அவர் சொல்லும்போது முகம் மாறிவிடும். தம்பி இருக்கும்போது சொல்லமாட்டார்.

இனி தம்பியின் பக்கத்துக் கணக்கு. மாலத்தீவில் அப்போது பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். பெரிய விடுமுறை டிசம்பரில். நமக்கு ஏப்ரல், மே. அப்பா அம்மா வீட்டில் இருக்கும் ஆறு வாரத்தில் மகனுக்குப் பள்ளிக்கூடம், மகன் வீட்டில் இருக்கும் கோடையில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். இரண்டு காலண்டரும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் அரையாண்டுத் தேர்வு லீவு மட்டும், பத்து நாள். வாரமும் அப்படித்தான். ஹாஸ்டலில் போன் பேச ஞாயிறு மட்டும் அனுமதி, தீவில் ஞாயிறு வேலைநாள். நேரம் மட்டும் அரை மணிதான் வித்தியாசம். எங்கள் வீட்டுக்கு லீவில் வரும்போது தம்பி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப அங்க ஆறு மணிதான் ஆயிருக்கும்ணா" என்பான். எனக்கு அது ஏதோ பக்கத்து ஊர் மாதிரி இருக்கும்.

கடிதம் எழுதுவான். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று சித்தப்பா உத்தரவு. பயிற்சியும் ஆச்சு, விசாரிப்பும் ஆச்சு என்ற கணக்கு. எழுதிய கடிதம் ஒரு மாதம் கழித்துச் சிவப்பு மையில் திருத்தத்தோடு திரும்பி வரும், அதன் அடியில் அப்பாவின் பதில். ஒன்பதாம் வகுப்பில் எழுதுவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் செல்போன் வந்துவிட்டது, அதனால் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பத்து நாள் லீவின் நடுவில். எல்லோரும் ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தோம். முதலில் நாகப்பட்டினம், பிறகு கன்னியாகுமரி என்று டிவியில் வந்துகொண்டே இருந்தது. மாலத்தீவு என்று ஒரு வரி ஓடியபோது சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கே நூறு பேரளவில் இறந்தும் காணாமலும் போனார்கள் என்பது பிறகு தெரிந்தது. அன்று எந்தத் தீவுக்கும் லைன் கிடைக்கவில்லை. சித்தப்பா எஸ்.டி.டி. பூத்துக்கும் வீட்டுக்குமாக இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் தொடர்பு கிடைத்தது. தீவுக்குள் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "எம் பிள்ளைங்க எல்லாம் நல்லாருக்குதுங்க!" என்று பூத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். என் அமுச்சி, "சாமி, உம் பிள்ளை இங்கல்ல நிக்குது" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். தம்பிக்குப் பதினொரு வயது, அவனும் சிரித்தான்.

பொங்கல் முடிந்ததும் போகவேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். போனார்கள். 2013 வரை அங்கேதான் இருந்தார்கள்.

இதில் நான் வெறும் பார்வையாளன் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2006இல் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தபோது அப்பாவின் பட்டறை நொடித்திருந்தது. நான்கு வருடத்தில் ஐந்து செமஸ்டர் ஃபீஸ் மாலத்தீவிலிருந்து வந்தது. அந்தப் படிப்பில்தான் இன்றுவரை சோறு தின்கிறேன். தம்பி ஹாஸ்டலில் தண்ணீர்ச் சாம்பார் ஊற்றிக்கொண்ட வருடங்களின் விலையில் ஒரு பகுதி என் டிகிரி சர்டிபிகேட்டாக பீரோவில் இருக்கிறது. அதனால் அவர்கள் போனது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. சரி என்று சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஊருக்கு இந்தக் குழப்பம் இல்லை. தம்பி பிளஸ் டூவில் 1200க்கு 1148 எடுத்தான். நல்ல கல்லூரி, நல்ல வேலை, வெளிநாடு. ஆகவே போனது சரி. அவன் ஃபெயிலாகியிருந்தால் இதே வாய்கள் "பணத்துக்குப் பின்னாடி போயி பையனை விட்டுட்டாங்க" என்றிருக்கும். போன அன்று அவர்கள் செய்தது இரண்டு கதையிலும் ஒன்றேதான். பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலைத்தான் தொட்டார். குடும்பத்தை விட்டுவிட்டு வரைவதற்காகத் தீவுக்குப் போன ஓவியர் கோகனை மாதிரியாக ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் செய்தது நியாயமா என்பது கடைசியில் படம் நன்றாக வந்ததா என்பதைப் பொறுத்ததாக ஆகிவிடுகிறதே என்று கேட்டார். அதில் நாம் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. படம் நன்றாக வந்தால் ஓவியருக்குத் தன்னளவில் ஒரு சமாதானம் கிடைக்கலாம், ஆனால் விட்டுவரப்பட்டவர்கள் அதை ஏற்றாக வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்கு இது 1148ஐப் பற்றி எழுதியது போல இருந்தது. மார்க் சித்தப்பாவின் சமாதானத்துக்கு உதவலாம், தம்பியிடம் அதைக் காட்டி ரசீது வாங்க முடியாது.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து கொல்லிமலை தெரியும். அங்கே இதற்கு நேரெதிராகத் தோன்றும் ஒரு கதை இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1913இல் கல்யாணம் செய்துகொண்டு மலைமேல் வாழவந்தியில் குடியேறினார்கள். அவர்கள் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்களல்ல. மத ஊழியம், அதோடு மருந்து, பள்ளிக்கூடம், விவசாயம். அங்கே பிறந்த மகன் பால் பிராண்டை 1923இல், ஒன்பது வயதில், தங்கையோடு இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் போய்விட்டது. அவர் ஏற்கெனவே மகனுக்கு எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. அப்பா இறந்தது தெரிந்தபிறகும் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அந்த மகன்தான் பிற்பாடு வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற டாக்டர். எவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்தபின்னும் மலைகளை விட்டு இறங்கவில்லை. 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து கொல்லிமலையிலேயே புதைக்கப்பட்டார்.

அவர்களைப் பற்றிப் பேசும்போது தியாகம் என்ற சொல் தானாக வந்துவிடுகிறது. சித்தப்பா சித்தியைப் பற்றிப் பேசும்போது சம்பாத்தியம் என்ற சொல். ஒன்பது வயதுப் பையனுக்கும் பத்து வயதுப் பையனுக்கும் இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? கட்டில் ஒன்றுதான், அதில் யாரும் பக்கத்தில் இல்லை. வள்ளுவர்கூட மகனுக்குத் தந்தை செய்ய வேண்டியதாகச் சொல்வது அவனைச் சபையில் முந்தியிருக்கச் செய்வதைத்தான். பக்கத்தில் இருப்பதைப் பற்றி அந்தக் குறளில் பேச்சில்லை. நாமக்கல்காரர்கள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறோம்.

ஆனால் சம்பாத்தியம், தியாகம் என்ற இரண்டுக்கும் வெளியே ஒன்று இருக்கிறது என்று எனக்குக் காட்டியது சித்திதான். மூன்று வருடம் முன்பு ஓர் இரவு, கரண்ட் போய் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எனக்கும் என் மனைவிக்கும் ஜெர்மனியில் இரண்டு வருட வாய்ப்பு வந்திருந்தது, மகளை அம்மாவிடம் விடலாமா என்று பேச்சு. எல்லோரும் யோசனை சொல்லி முடித்தபிறகு சித்தி மெதுவாகச் சொன்னார்: "ஏங்கண்ணு, ஒண்ணு சொல்றேன், தம்பிகிட்டச் சொல்லிப்போடாத. நாங்க அங்க கஷ்டப்படல. அப்படித்தான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டோம். கடக்கரையில கயித்து ஊஞ்சல் மாரி ஒரு சேர் போட்டிருப்பாங்க. சாயந்தரம் நானும் அவரும் அதுல உக்காந்து பேசுவோம். கல்யாணமாகிப் பத்து வருசத்துல இங்க ஒரு நாள் அப்படிப் பேசுனதில்ல. கூட்டுக் குடும்பத்துல எங்க முடியும்? கிளாசுக்குப் போனா அந்தப் புள்ளைங்க அத்தனை ஆசையாப் பாக்கும். எஞ்சீவியத்துல நல்லா இருந்தது அந்தப் பத்து வருசந்தான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்கள் கஷ்டப்பட்டிருந்தால் தம்பியின் கஷ்டத்துக்கு அது ஈடாகிவிடும் என்று நானும் இத்தனை நாள் நினைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. விட்டுப்போகிறவர்கள் துன்பப்பட்டாக வேண்டும் என்பது நம் வீடுகளின் எழுதாத விதி. போனில் அழவேண்டும், "உனக்காகத்தான் சாமி" என்று சொல்லவேண்டும். அது ஒருவகை வாடகை. ஆனால் இரண்டு பக்கமும் அழுதால் பையனின் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்துவிடுமா? அதேபோல, அவர்கள் சந்தோஷமாக இருந்ததால் மட்டும் அவனுக்குச் சேரவேண்டியது கூடிவிடுவதுமில்லை. கூடுவதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். தான் இல்லாத இடத்தில் அப்பா அம்மா நன்றாக இருந்தார்கள் என்பதை ஒரு பிள்ளை எங்கே வைத்துக்கொள்ளும்? தியாகத்தை மன்னிப்பது எளிது. அதனால்தான் சித்தி அதை நடித்தார்.

அந்தத் தீவு வகுப்பறையில் நடந்தது நிஜமான நல்ல காரியம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு கணக்கும் வெவ்வேறு நோட்டில் இருக்கின்றன, ஒன்றின் மிச்சத்தை மற்றதில் வரவு வைக்க வழியில்லை. ஜெர்மனிக்கு நாங்கள் போகவில்லை. அதை ஒரு நல்ல முடிவாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த வருடம் முழுக்க மகளிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரில் அந்த மாணவன் லிஃப்ட் வாசலிலேயே காத்திருந்தான். சித்தப்பாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவனும் இப்போது தன் தீவில் வாத்தியார். அவன் பேசிய ஆங்கிலம் அச்சு அசல் நாமக்கல் ஆங்கிலம். "யெஸ் சார், டுமாரோ ஒன்லி ரிப்போர்ட் கம்ஸ் சார்." கொரியா விசா கொடுக்காத அந்த உச்சரிப்பு, கடல் தாண்டி அடுத்த தலைமுறைக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது.

கேன்டீனில் உட்கார்ந்தபோது அவன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாற்பத்திரண்டாவது வளைவு" என்றான் ஆங்கிலத்தில். எங்களுக்குப் புரியவில்லை. "கொல்லிமலை. எழுபது கொண்டையூசி வளைவு. நாற்பத்திரண்டில் நீங்கள் வாந்தி எடுத்தீர்கள். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் சட்டைமேல்."

ஏழாம் வகுப்பில் ஹாஸ்டலிலிருந்து டூர் கூட்டிப்போனதைத் தம்பி அப்பாவுக்கு எழுதியிருந்தான். எனக்கே நினைவிருக்கிறது, 'வாமிட்டட்' என்பதில் ஒரு 'டி' அதிகம் என்று சிவப்பில் சுழித்துத் திரும்பி வந்த கடிதம். மலை என்றால் என்ன என்று காட்ட சித்தப்பா அதை வகுப்பில் படித்திருக்கிறார். அது ஒன்றை மட்டுமல்ல, வந்ததையெல்லாம். ஹாஸ்டல் நாயின் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை உப்புமா போடுவார்கள் என்பதும். "நாங்கள் உங்களுக்குப் பதில் எழுதினோம்" என்றான். "கிளாஸ் முழுக்க. எப்படி மலையில் வாந்தி வராமல் இருப்பது என்று நான் எழுதினேன். படகில் நாங்கள் என்ன செய்வோமோ அதை."

தம்பி சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா டம்ளரை நகர்த்தி வைத்தார். "கடிதம் எழுதுற பாடம்ப்பா அது. நோட்டுல எழுதுனாங்க. திருத்தி அவங்ககிட்டயே குடுத்துட்டேன்."

திரும்பி வரும்போது வெகுநேரம் யாரும் பேசவில்லை. விஜயமங்கலம் டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடையில் தம்பி வண்டியை ஓரம் கட்டினான். இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே, "கிளாஸ்ல எத்தனை பேருப்பா?" என்றான்.

"இருபத்தேழு."

தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு இறங்கி, கண்ணாடியில் குனிந்து, "உங்களுக்குச் சக்கரை போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டான். சித்தப்பாவுக்குச் சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறது. "அரைச் சக்கரை போடச் சொல்லு சாமி" என்றார்.